‘சைபர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆயுதத்துக்கு உதவ மறுத்த விஞ்ஞானி நார்பர்ட் வீனரின் கதை

சைபர் என்றால் நம் ஊரில் ஒரு காலத்தில் பூஜ்யம்தான். கணக்கில் சைபர் வாங்கியதற்காக வீட்டில் அடி வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அதே சொல் வேறு முகத்தோடு தினமும் செய்தியில் வருகிறது. சைபர் குற்றம், சைபர் தாக்குதல், சைபர் போர்.

ரெண்டும் ஒன்றா? இல்லை. பூஜ்யத்தைக் குறிக்கும் சைபர், அரபு மொழியில் இருந்து கிளம்பி ஐரோப்பா வழியாக நம்மிடம் வந்தது. செய்தியில் வரும் சைபருக்கு வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. கப்பலின் சுக்கானைப் பிடித்து ஓட்டுபவர் என்று பொருள். பழந்தமிழில் மீகாமன்.

இந்தச் சொல்லை 1948ல் அறிவியலுக்குள் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் நார்பர்ட் வீனர். அமெரிக்கக் கணித மேதை. குண்டு உடம்பு, தடித்த கண்ணாடி, குறுந்தாடி, கையில் சுருட்டு. இணையம் பிறப்பதற்கு முன்பே, 1964ல் இறந்துவிட்டார். ராணுவத்துக்காக இனி ஆராய்ச்சி செய்யமாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தவர் அவர். அவர் சூட்டிய பெயரின் முன்பாதியைத்தான் இன்று ஒரு வகைப் போரே சுமந்துகொண்டிருக்கிறது.

அது வெறும் பெயர்ப் பொருத்தமா? இல்லை. சைபர் தாக்குதலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வீனரின் வாழ்க்கையைவிட நல்ல வழி கிடைக்காது.

அப்பா நடத்திய பரிசோதனை

1894 நவம்பர் 26 அன்று மிசூரி மாநிலத்தின் கொலம்பியா என்ற ஊரில் வீனர் பிறந்தார். அப்பா லியோ வீனர், ரஷ்யப் பேரரசில் இருந்து அமெரிக்கா வந்து குடியேறிய யூதர். பிற்பாடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகள் சொல்லிக்கொடுத்தார். தன் பிள்ளையை மேதையாக்கிக் காட்டுவது என்று முடிவு செய்து, வீட்டிலேயே பாடம் நடத்தினார். கணக்கில் ஒரு தப்பு வந்தால் போதும், அதுவரை அன்பாக இருந்த அப்பா மறைந்துவிடுவார். திட்டும் ஏளனமும் ஆரம்பிக்கும்.

8 வயதில் கண் பிரச்சினை முற்றியதால் ஆறு மாதம் புத்தகத்தையே தொடக்கூடாது என்றார் மருத்துவர். பாடம் நிற்கவில்லை. மற்றவர்கள் வாசிக்கக் கேட்டு, கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகினான் சிறுவன். 11 வயதில் பள்ளிப்படிப்பை முடித்தான். 14ல் இளநிலைப் பட்டம். 18ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம்.

இதைவிட வலித்தது வேறு. பையனிடம் விசேஷத் திறமை ஒன்றும் இல்லை, எல்லாம் தன் பயிற்சியின் பலன் என்று அப்பா பத்திரிகைகளில் சொன்னார். வெற்றி வந்தால் அப்பாவுடையது, தோல்வி வந்தால் தன்னுடையது என்ற எண்ணம் வீனரை விட்டுப் போகவே இல்லை. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வோடு போராடினார். தன் திறமையைத் தானே எப்படிப் பயன்படுத்துவது என்பதில் அவர் பிற்காலத்தில் காட்டிய பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1913ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் தர்க்கம் படித்தார். அங்கே கணிதம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜி.எச்.ஹார்டி. ஆமாம், சென்னையில் இருந்த ராமானுஜனோடு அதே நாட்களில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த அதே ஹார்டிதான்.

முதல் உலகப்போர் முடியும் சமயம், 1918ல், மேரிலாந்தில் இருந்த ராணுவச் சோதனைத் திடலில் பீரங்கி அட்டவணை போடும் வேலை கிடைத்தது. எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட வேண்டும். 1919ல் எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். திரவத்தில் மிதக்கும் தூசித் துகள் தாறுமாறாக அலைவதைக் கணிதத்தில் பிடித்துக்காட்டியது அவர் செய்த பெரிய காரியம். பங்குச் சந்தைக் கணக்குகளில் இன்றும் அந்தக் கணிதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

20 விநாடிப் பிரச்சினை

1940ல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவு பகலாகக் குண்டு போட்டன. தரையில் இருந்து பீரங்கியால் சுட்டாலும் விமானம் விழுவதில்லை. ஏன்?

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் போகிறது. கீழிருந்து கிளம்பும் குண்டு அந்த உயரத்துக்குப் போய்ச்சேர சுமார் 20 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விமானம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும். அதனால் விமானம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டுப் பயனில்லை. 20 விநாடி கழித்து எங்கே இருக்கும் என்று தெரியவேண்டும். மேலே இருப்பவரோ நேராகப் போகமாட்டார். உயிர் பிழைக்க வளைந்து வளைந்து ஓட்டுவார்.

நாஜிகளைத் தோற்கடிக்கத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று வீனர் விரும்பினார். 1930களில் ஜெர்மனியில் இருந்து தப்பி வந்த அறிஞர்களுக்கு வேலை தேடிக்கொடுக்க அலைந்தவர் அவர். அரசிடம் இருந்து சிறு தொகை பெற்று, ஜூலியன் பிகலோ என்ற பொறியாளரோடு சேர்ந்து இந்தப் பிரச்சினையில் இறங்கினார்.

சோதனைக்கூடத்துச் சுவரில் ஓர் ஒளிப்புள்ளியை ஓடவிட்டார்கள். இன்னொரு ஒளிப்புள்ளியைக் கையால் இயக்கி அதைத் துரத்த வேண்டும். இயக்கும் கருவியை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருந்தார்கள், வேகமாகப் போகும் விமானம் விமானியின் கைக்கு உடனே கட்டுப்படாது என்பதால். பலரையும் உட்காரவைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொருவரும் தப்பு செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் பாணியில், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தப்பு செய்தார்கள். மனிதர் பதற்றத்தில் செய்யும் அசைவுக்குள்ளும் ஒரு தாளம் இருக்கிறது. பழைய அசைவு தெரிந்தால் அடுத்த அசைவை ஓரளவு ஊகிக்கலாம்.

1942ல் வீனர் இதற்கான கணிதத்தை ரகசிய அறிக்கையாக எழுதினார். மஞ்சள் அட்டை போட்ட அந்த அறிக்கையைப் படித்துத் தலைவலி வந்த பொறியாளர்கள் அதற்கு ‘மஞ்சள் ஆபத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவு கடினமான கணக்கு.

இத்தனை செய்தும் அவருடைய கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. உண்மையான விமானப் பாதைகளை வைத்துச் சோதித்தபோது, பெல் ஆய்வகத்தின் எளிமையான முறையைவிடப் பெரிய லாபம் தெரியவில்லை. திட்டம் மூடப்பட்டது. 1944ல் லண்டனை நோக்கி வந்த வி-1 பறக்கும் குண்டுகளைச் சுட்டு வீழ்த்தியது மற்றவர்கள் செய்த கருவிகள்தான்.

மாடித் தொட்டியும் மோட்டாரும்

போருக்குப் பயன்படாத அந்த வேலையில் இருந்துதான் வீனரின் பெரிய சிந்தனை பிறந்தது. அதன் பெயர் பின்னூட்டம்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் தானாக நிற்கும் மோட்டார் இருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் உணர்கருவி தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிறது. அந்தத் தகவலைக் கேட்டு மோட்டார் ஓடுகிறது அல்லது நிற்கிறது. செயல், அதன் விளைவு பற்றிய தகவல், அந்தத் தகவலை வைத்து அடுத்த செயல். இப்படி ஒரு வட்டம். சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு பக்கம் சாயும்போது ஹேண்டில்பாரை லேசாகத் திருப்புவதும் இதே வட்டம்தான்.

வீனரின் நண்பர் ஆர்டுரோ ரோசன்புளூத், மெக்சிகோவைச் சேர்ந்த உடலியல் அறிஞர். இந்த வட்டம் கெட்டுப்போனால் மனிதருக்கு ஏதாவது நோய் வருமா என்று வீனரும் பிகலோவும் அவரிடம் கேட்டார்கள். வரும் என்றார். சிறுமூளையில் அடிபட்ட நோயாளி ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் கை அதைத் தாண்டிப் போகும், திரும்ப வரும், மறுபடி தாண்டும். பீரங்கி குறி தப்பி ஆடுவதும் இப்படித்தான். இயந்திரத்துக்கும் நரம்புக்கும் ஒரே கணக்கு! 1943ல் மூவரும் சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

இதில் இருந்து வீனர் எடுத்த முடிவை எளிமையாகச் சொன்னால், கட்டுப்பாடு என்பதே தகவல்தான். ஒன்றை இயக்க வேண்டுமானால் அதன் நிலை பற்றிய உண்மையான தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தகவல் பொய்யானால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பி வழிந்தாலும் பாதிதான் இருக்கிறது என்று உணர்கருவி சொன்னால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு கடிதம்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. வீனருக்கு அந்தக் குண்டுகளோடு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும் அவரால் தூங்க முடியாத நிலை. விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள், அதை யார்மீது எப்போது போடுவது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

1946 டிசம்பரில் ஒரு வேண்டுகோள் வந்தது. ஏவுகணை ஆராய்ச்சியில் இருந்த விமான நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர், அந்த மஞ்சள் அட்டை அறிக்கையின் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார். சாதாரண விஷயம். அறிஞர்கள் கேட்டால் அறிஞர்கள் கொடுப்பார்கள், அதுதான் வழக்கம்.

வீனர் கொடுக்க மறுத்தார். மறுத்ததோடு காரணத்தையும் எழுதினார். வழிநடத்தி ஏவும் குண்டு வெளிநாட்டுப் பொதுமக்களைக் கொல்லத்தான் பயன்படும், சொந்த நாட்டு மக்களுக்கு அது பாதுகாப்பு தராது என்பது அவர் வாதம். முயற்சி செய்தால் அந்த அறிக்கை வேறு வழியில் கிடைத்துவிடும் என்பதும் தனக்குத் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பொறுப்பில்லாத கைகளில் கேடு விளைவிக்கக்கூடிய எதையும் இனி வெளியிடப் போவதில்லை என்றார். 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மாத இதழ் அந்தக் கடிதத்தை அச்சிட்டது. அதே மாதம் ஹார்வர்டில், கடற்படையின் ஆதரவோடு நடந்த கணிப்பொறி மாநாட்டில் பேசுவதாக இருந்ததில் இருந்தும் விலகிக்கொண்டார்.

இதனால் ஏதாவது நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. ஏவுகணைகள் வந்தன. அந்த அறிக்கையின் ரகசியத் தடையும் நீங்கி, 1949ல் அது புத்தகமாகவே வெளிவந்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்! இதைக் காட்டி அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அமெரிக்க அறிவியலுக்கு ராணுவப் பணம் கொட்டிய காலம் அது. அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லி, ரோசன்புளூத்தோடு மெக்சிகோவில் போய் உட்கார்ந்து இதயத்தையும் நரம்பையும் ஆராய்ந்தார். எஃப்.பி.ஐ. அவர் பெயரில் கோப்பு வைத்திருந்தது.

மீகாமன் என்ற பெயர்

1948ல் வெளிவந்த புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர்தான் ‘சைபர்நெட்டிக்ஸ்’. பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர் நூறு ஆண்டுக்கு முன்பே ஆட்சிக் கலையைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். அது வீனருக்கு அப்போது தெரியாது. கண்புரையால் அவரால் அச்சுப் பிழையைக்கூடச் சரியாகத் திருத்த முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு வேறு. அப்படியிருந்தும் புத்தகம் சக்கைப்போடு போட்டது.

அடுத்த ஆண்டு, அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்குத் தானே வலிய ஒரு கடிதம் எழுதினார். தானியங்கி இயந்திரங்கள் வரப்போகின்றன, உங்கள் ஆட்களுக்கு வேலை போகும், இப்போதே தயாராகுங்கள் என்று எச்சரித்தார்.

சோவியத் யூனியனில் முதலில் வசைதான். முதலாளித்துவப் போலி அறிவியல் என்றார்கள். ஸ்டாலின் இறந்த பிறகு காற்று திசை மாறியது. 1960ல் அவர் மாஸ்கோ போனபோது நட்சத்திரத்தைப் போல வரவேற்பு. இந்தியாவுக்கும் அவர் வந்திருக்கிறார். 1955-56ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியக் கணித அறிஞர் பெசி மசானியோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் வீனரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் மசானிதான்.

அதே 1960ல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்று படித்தால் திக்கென்று இருக்கும். போர் முடிவுகளை இயந்திரத்திடம் விடுவது பற்றியது. இயந்திரம் மனிதரைவிட வேகமாக முடிவெடுக்கும். நாம் தப்பைக் கவனித்து நிறுத்துவதற்குள் காரியம் முடிந்திருக்கும் என்றார். சொன்னதை மட்டும் செய்யும், நாம் மனசில் நினைத்ததைச் செய்யாது என்றார். இதற்கு அவர் அடிக்கடி காட்டும் உதாரணம் ‘குரங்கின் பாதம்’ என்ற ஆங்கிலப் பேய்க் கதை. 200 பவுன் பணம் வேண்டும் என்று ஒரு தகப்பன் வரம் கேட்கிறார். பணம் வருகிறது. மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கான இழப்பீடாக.

1964 ஜனவரியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வெள்ளை மாளிகையில் அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கினார். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 18 அன்று, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் மாரடைப்பால் இறந்தார். 69 வயது.

சொல் மட்டும் பிழைத்தது

சைபர்நெட்டிக்ஸ் என்ற துறை மெல்ல மங்கியது. ஆனால் அதன் முன்பாதியை மற்றவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 1980களில் நாவலாசிரியர் வில்லியம் கிப்சன் ‘சைபர்ஸ்பேஸ்’ என்றார். 1993ல் சைபர் போர் வரப்போகிறது என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டுரைத் தலைப்பே வைத்தார்கள்.

வந்தது. 2007ல் எஸ்டோனியாவில், சோவியத் காலத்துச் சிலை ஒன்றை இடம் மாற்றிய தகராறில், அந்நாட்டின் வங்கி, அரசு, பத்திரிகை இணையதளங்கள் வாரக்கணக்கில் முடங்கின. அடித்தது யார் என்று உறுதியாகக் காட்டமுடியவில்லை. எல்லையில் ஒரு சிப்பாய்கூட இல்லாதபோது இதைப் போர் என்று சொல்லலாமா? நேட்டோ நாடுகளுக்கு இந்தக் கேள்வி அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டே எஸ்டோனியத் தலைநகர் தாலினில் சைபர் பாதுகாப்பு மையம் அமைந்தது.

வீனரின் வட்டத்தை நேராக உடைத்தது ஸ்டக்ஸ்நெட். 2010ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கணினிப் புழு, ஈரானின் நதான்ஸ் அணு மையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழற்கருவிகளைக் குறிவைத்தது. அவற்றின் வேகத்தைக் கண்டபடி கூட்டியது, குறைத்தது. அதே சமயம் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் வழக்கம்போல ஓடுவதாகக் காட்டியது. மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது பாதிதான் இருக்கிறது என்று சொல்லும் உணர்கருவி, அதேதான். சுமார் 1,000 சுழற்கருவிகள் பழுதாகியிருக்கலாம் என்பது நிபுணர்கள் கணக்கு. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்ததாகப் பரவலாக நம்பப்படுகிறது. இரண்டு நாடுகளும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. குண்டு போட்டிருந்தால் அன்றைக்கே போர் மூண்டிருக்கலாம். இங்கே இயந்திரம் ஏன் கெடுகிறது என்றே அங்கிருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின்நிலைய ஊழியர்களின் கண்ணெதிரே, யாரும் தொடாமலேயே கணினித் திரையில் மவுஸ் அம்புக்குறி நகர்ந்து ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. புகார் சொல்ல மக்கள் கூப்பிட முடியாதபடி தொலைபேசிகளிலும் போலி அழைப்புகளைக் குவித்திருந்தார்கள். தகவல் எந்தப் பக்கமும் போகக்கூடாது என்பதுதான் திட்டம். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது எப்படி? பழைய காலத்து ஸ்விட்சுகள் என்பதால் ஊழியர்கள் வண்டியில் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையாலேயே போட்டார்கள்.

2017ல் குரங்கின் பாதமும் வந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், உள்ளே நுழையும் கருவியாக வைத்திருந்தது. அது திருடுபோய், ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது. ஜூன் மாதம் அதே கருவியைச் சேர்த்துக்கொண்டு ‘நாட்பெட்யா’ என்ற புழு உக்ரைனைத் தாக்கியது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்றன அமெரிக்காவும் பிரிட்டனும், ரஷ்யா மறுத்தது. ஏவியவர் குறி உக்ரைன்தான். புழுவுக்கு எல்லைக்கோடு தெரியுமா? டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளில் மென்பொருளை மறுபடி போட வேண்டியதாயிற்று. கானாவில் இருந்த அதன் ஒரு சர்வர் மட்டும் தப்பியது, அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட் என்பதால். அதை வைத்துத்தான் மற்றதை மீட்டார்கள். உலகம் முழுக்க மொத்த நஷ்டம் 1,000 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது.

மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. உலகெங்கும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை பற்றித் தெரிந்தவர்கள் அதற்கு முன் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. சொல்வதா, வைத்துக்கொள்வதா என்று மூடிய அறைக்குள் முடிவு செய்தவர்கள் யார், கருவியை எழுதியவர்கள் யார் என்ற பெயர்கள் வெளியே வரவில்லை. கொடுக்கமாட்டேன் என்ற 1946 டிசம்பர் கடிதத்தில் நார்பர்ட் வீனர் என்று பெயர் இருந்தது.